பாறை துளைக்க வருகிறவர்களுக்கு, அரூர்ப் பக்கமிருந்து

அரூர் - ஊத்தங்கரை வட்டாரத்தில் மாலிப்டினம் (எஃகை உறுதியாக்கச் சேர்க்கும் உலோகம்) தேடி வரும் நிலவியல் அதிகாரிகளுக்கும், நாளைக்கு ஏலம் எடுக்க வரப்போகும் கம்பெனிக்காரர்களுக்கும் வணக்கம்.

வயசுப் பையனாக இருந்தபோது ஓர் ஆய்வு முகாமில் கோர் பெட்டி, அதாவது துளையிட்டு எடுத்த கல்லை அடுக்கும் பெட்டி, சுமந்தேன். துளை போட்டு எடுத்த உருளைக் கல்லில் சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக ஏதோ மினுங்கும். தேய்த்தால் பென்சில் கரி மாதிரி விரலில் ஒட்டிக்கொள்ளும். "இது என்னங்க சார்?" என்று கேட்டேன். "பெட்டியைத் தூக்குடா" என்றார். அது மாலிப்டினைட், மாலிப்டினம் எடுக்கும் தாது என்று தெரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆனது.

சித்தேரி மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். (கேரளத்துக்காரர்கள் என்று நினைத்து மலையாளத்தில் பேச்சுக் கொடுத்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன்.) உங்கள் ஜீப் சத்தம் கேட்டதும் பெண்கள் உள்ளே போய்விடுகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்கிறீர்கள். அந்த மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து வந்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்து ஊரைச் சூறையாடியதற்கு, 2011-இல்தான் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ததோ 2023-இல். காட்டில் எதையோ தேடி வருகிறவர்கள் என்றால் இவர்களுக்கு நினைவு வருவது அதுதான்.

சட்டம் துணைக்கு இருக்கிறதா என்றால், அரைகுறைதான். பழங்குடிப் பகுதி என்று அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்படி அறிவித்த இடம் தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அதனால் அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996-இன் பெசா சட்டம் இங்கே செல்லாது. 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது. மாலிப்டினம் போன்ற முக்கியக் கனிமத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கும் கொடுத்துவிட்டது. இது உங்களுக்கு வசதி என்று நினைக்காதீர்கள். கேட்க ஒரு மேடையும் இல்லையென்றால் கோபம் எங்கே போகும்?

ஆகவே துளை போடும் ரிக் வண்டிக்கு முன்னால் ஆள் வரட்டும். ஊர்க்கவுண்டருக்கு (மலைக் கிராமத்தின் தலைவர்) முன்கூட்டிச் சொல்லி அனுப்புங்கள். அவர் ஒருவரோடு முடித்துக்கொள்ளாமல், காட்டு வேலை முடிந்து பெண்கள் வீட்டில் இருக்கும் சாயங்காலத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை துளை, எவ்வளவு ஆழம், ரிக்குக்குத் தண்ணீர் எந்த ஓடையிலிருந்து, எந்தப் பாறையில் சாமி இருக்கிறது, எல்லாம் அங்கே பேசப்படட்டும். சாமை அறுப்பு நேரமாக இருந்தால் தள்ளிப் போடுங்கள். கிடைத்த முடிவைத் திரும்ப வந்து தமிழில் சொல்லுங்கள், ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும்.

வேண்டாம் என்று சொன்னால்? ஒடிசாவில் நியம்கிரி மலையில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, பாக்சைட் சுரங்கம் தோண்டலாமா என்று கிராம சபைகளைக் கேட்டார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அந்தப் பதிலும் வரலாம் என்ற மனதோடுதான் மலையேற வேண்டும்.

இன்னொன்று. நான் வேலை பார்த்த முகாம் காலி செய்தபோது இரண்டு துளைகளை மூடாமல் போனார்கள். ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்த செய்தி வரும்போதெல்லாம் ஊர்க்காரர்கள் அதைத்தான் சொல்லிக் காட்டுகிறார்கள். பலகைக் கல்லைப் போட்டு மூடியது நாங்கள்தான்.

இப்படிக்கு,
பழைய பெட்டி தூக்கி