மன்டோ தீவு: முதலில் வற்று நேரம், பிறகுதான் பயணத் தேதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்கு ஐரோப்பா வரும் தமிழ்க் குடும்பங்களுக்கான பயணக் குறிப்புகளில் டென்மார்க் என்றாலே கோப்பன்ஹேகனும் பில்லுண்டின் லெகோலாந்தும்தான் வருகின்றன. ஹெர்னிங், பிராண்டே பக்கம் உறவினர் வீட்டுக்கு வந்து தங்குகிறவர்களுக்குத் தென்மேற்குக் கரையின் மன்டோ தீவு காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் எட்டும் தூரம். ஆனால் அங்கே போக, நாம் வழக்கமாகச் செய்வதுபோல் விடுமுறை நாளை முதலில் குறித்துவிட்டுப் பிறகு வண்டி தேடினால் பயணம் கெட்டுப்போகும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு விளக்கமாகச் சொல்லவே இக்கடிதம்.

மன்டோவுக்கு வடக்கே ஃபானோ தீவு. எஸ்பியர்க் துறைமுகத்திலிருந்து 12 நிமிடத்தில் படகில் போய்விடலாம். தெற்கே ரோமோ தீவு. அதற்கு 1948 முதல் கடலின் குறுக்கே அணைச்சாலை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் மன்டோவுக்குப் பாலமும் இல்லை, கார்ப்படகும் இல்லை. பரப்பு 8 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆண்டு முழுக்க அங்கே வசிப்பவர்கள் முப்பது பேர் அளவில்தான். கரைக்கும் தீவுக்கும் இடையில் இருப்பது வாடன் கடலின் சேற்றுப் படுகை. நாளுக்கு இருமுறை அது மூழ்கும், இருமுறை வெளியே வரும். கடல்நீர் ஏறி நிற்பது பெருக்கு, இறங்கி நிற்பது வற்று. வெளியே வரும் நேரத்தில் அதன் மேல்தான் போக்குவரத்து. பெயரில் ‘ட’ எழுதப்பட்டாலும் டேனியர்கள் அதை ஒலிப்பதில்லை. பேருந்து ஓட்டுநரிடம் ‘மனோ’ என்பதுபோல் சொன்னால்தான் சட்டென்று புரியும்.

கரையில் புறப்படும் ஊர் வெஸ்டர் வெட்ஸ்டெட். அங்கிருந்து இரண்டு வழிகள். ஒன்று, கடற்படுகையின் மேலேயே போகும் டிராக்டர் பேருந்து: பெரிய சக்கரங்கள் கொண்ட டிராக்டர் பின்னால் பயணிகள் பெட்டியை இழுத்துச் செல்லும். தீவை அடைய முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, லோனிங்ஸ்வை எனப்படும் சரளைச் சாலை, ஏறக்குறைய 6 கிலோமீட்டர். படுகையைவிடச் சிறிதே உயர்த்திப் போடப்பட்டது என்பதால் பெருக்கின்போது இதுவும் நீருக்கடியில் போய்விடும். சுற்றுலா வருகிறவர்களுக்கு டிராக்டர்தான் வழி. அதற்கு முன்பதிவு கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மையமான விஷயம். இந்தக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நீர்மட்டம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை மாறுகிறது. பாக் நீரிணைக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமில்லாத அளவு. அங்கே வேறுபாடு பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தொடாது. ஒரு வற்றுக்கும் அடுத்த வற்றுக்கும் இடையே 12 மணி 25 நிமிடம். ஆகவே ஒவ்வொரு நாளும் வற்று ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வற்று என்றால் செவ்வாய்க்கிழமை 10.50. அடுத்த திங்கட்கிழமை அதே வற்று பிற்பகல் 3.50க்குப் போயிருக்கும். டிராக்டர்கள் வற்றுக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் மட்டுமே ஓடும் என்பதால், போன வாரம் காலையில் போய் மாலையில் திரும்பியவர் தந்த நேரத்தை இந்த வாரம் நீங்கள் வைத்துக்கொள்ள முடியாது. ‘தினமும் 10 மணிக்கு வண்டி’ என்று எந்தக் குறிப்பிலாவது படித்தால் நம்பாதீர்கள்.

பகல் பயணத்துக்கு ஏற்றது நண்பகலை ஒட்டி வற்று வரும் நாள். நீர் இறங்கும்போது போய், ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். வற்று காலை 6 மணியை ஒட்டி வரும் நாளில் அடுத்த வற்று மாலை ஆறரைக்குத்தான்; நடுவில் தீவை விட்டு வெளியே வர வழியில்லை, பகல் முழுவதும் அங்கேதான். நடக்கப் பிரியமுள்ளவர்களுக்கு அது நல்ல நாள். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு நீண்ட நாள். நீங்கள் விரும்பிய நாளில் வற்று பொருந்தாவிட்டால் 15 நாள் தள்ளிப் பயனில்லை, ஒரு வாரம் தள்ளுங்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட அந்த 15 நாளில் ஏறக்குறைய அதே நேரம்தான் திரும்பிவரும்.

வற்றுப்பெருக்கு அட்டவணை வானியல் கணக்கு என்பதால் பல மாதம் முன்பே கிடைக்கும். டென்மார்க் வானிலை ஆய்வு நிறுவனமான டி.எம்.ஐ. அதை வெளியிடுகிறது. அட்டவணையை எடுத்ததும் அதன் தலைப்பைப் பாருங்கள்: நேரம் கோடை நேரமா, ஒரு மணி பின்னே நிற்கும் வழக்க நேரமா? மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடும். சேற்றுப் படுகையில் ஒரு மணி நேரப் பிழை சிறிய பிழையல்ல.

கணக்கு சொல்லாத ஒன்று காற்று. மேற்கிலிருந்து பலத்த காற்று வீசினால் வட கடல் நீர் இந்தக் கரைக்குள் குவிந்து, வற்றே சரியாக வராது. அட்டவணையில் வற்று என்று போட்ட நேரத்திலும் சாலை மேல் நீர் நிற்கும். கிழக்குக் காற்றில் நேர்மாறு. எனவே டி.எம்.ஐ.யின் நீர்மட்ட முன்னறிவிப்பை முதல் நாள் மாலையும் புறப்படும் காலையும் பாருங்கள். அது காற்றையும் சேர்த்துச் சொல்வது. டிராக்டர் சேவை நாளை ஓடாது என்று அறிவித்தால் வாதாட வேண்டாம். ரீபே நகரின் ஆற்றங்கரையில் பழைய வெள்ளங்களின் உயரத்தைக் குறித்து ஒரு தூண் நிற்கிறது. அதில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது 1634ஆம் ஆண்டின் வெள்ளம். அதன் கீழே நின்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்தவர்கள் ஓட்டுநரின் முடிவை மதிப்பார்கள்.

வாடகைக் காரை எடுத்துக்கொண்டு சரளைச் சாலையில் இறங்குவது பற்றி: தயவுசெய்து வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் போவதைப் பார்த்துப் பின்தொடர்கிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அவர்களுக்கு அந்தச் சாலையின் தாழ்ந்த இடங்கள் தெரியும். நீர் முன்னாலிருந்து அலையாக வருவதில்லை. படுகையில் ஓடும் ஓடைகளில் முதலில் ஏறும். கண்ணுக்கு எதிரே சேறு இன்னும் காய்ந்து தெரியும்போதே, கடந்துவந்த தாழ்வான இடம் பின்னால் நிரம்பிவிடும். நடந்து கடக்க முயல்கிறவர்களுக்கும் இதே கதிதான், மூடுபனி சேர்ந்தால் திசையும் போய்விடும். நடக்க விரும்பினால் வழிகாட்டியோடு மட்டும் நடங்கள். உப்புநீர் பட்ட காரின் பிரேக்கும் மின்கம்பிகளும் பிறகு துருப்பிடித்துத் தொல்லை தரும். வாடகை ஒப்பந்தத்தின் காப்பீடு உப்புநீர்ச் சேதத்துக்குப் பொருந்துமா என்று படித்துப் பாருங்கள். அவசர எண் 112.

வெஸ்டர் வெட்ஸ்டெட்டுக்குப் போவதற்கு ரீபே வழியாக வர வேண்டும். கோப்பன்ஹேகனிலிருந்து ரீபேக்கு ரயிலில் மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், இடையில் வண்டி மாற வேண்டியிருக்கும். பில்லுண்டிலிருந்து சாலை வழி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ரீபேக்கும் டிராக்டர் புறப்படும் இடத்துக்கும் இடையே சுமார் 10 கிலோமீட்டர். பலர் தவறவிடுவது இந்தப் பத்தைத்தான். உள்ளூர்ப் பேருந்து அடிக்கடி இல்லை, வார இறுதியில் இன்னும் குறைவு. டிராக்டர் கடலின் நேரத்துக்கு ஓடும், பேருந்து தன் நேரத்துக்கு ஓடும். ரெய்ஸபிளானன் செயலியில் போகும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் அந்தத் தேதிக்கே தேடுங்கள். பொருந்தாவிட்டால் டாக்சியை முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். முதல் நாள் இரவு ரீபேயில் தங்குவதுதான் நல்ல ஏற்பாடு. டென்மார்க்கின் மிகப் பழைய நகரம் அது, பெரிய பேராலயமும் கல் பாவிய தெருக்களும் மாலை நடைக்கே போதும். மறுநாள் டிராக்டருக்குக் காத்திருக்கும் நேரத்தை வெஸ்டர் வெட்ஸ்டெட்டின் வாடன் கடல் மையத்தில் செலவிடலாம். டோர்த்த மாண்ட்ரூப் வடிவமைத்து 2017இல் திறந்த நாணல் வேய்ந்த கட்டடம். படுகையை முதலில் அங்கே புரிந்துகொண்டு பிறகு கடப்பது, குழந்தைகளுக்குப் பயணத்தையே வேறாக்கிவிடும்.

தீவில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நேரான பதில்: மிகக் குறைவு. அதற்காகத்தான் போவது. 1727இல் கட்டிய சிறு தேவாலயம், 19ஆம் நூற்றாண்டின் காற்றாலை, கடலணை, மணல்மேடுகள், பறவைகள். அணை மேலும் கரையோரமும் தீவை ஒரு சுற்றுச் சுற்றினால் 10 கிலோமீட்டரைத் தாண்டலாம். வாடன் கடல் வழியாக ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்ட வலசைப் பறவைகள் கடந்துபோகின்றன. அதன் டென்மார்க் பகுதி 2010இல் தேசியப் பூங்காவானது, 2014இல் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தது. இளவேனிலில் பறவைகள் தரையிலேயே முட்டையிடும். பாதையை விட்டுப் புல்லில் இறங்காதீர்கள், நாயைக் கட்டியே கூட்டிச்செல்லுங்கள். தென்மேற்கே கோரசாண்ட் மணல்திட்டில் கடல்நாய்கள் ஓய்வெடுக்கும். அங்கும் தனி டிராக்டர் பயணம் உண்டு, அதையும் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

செருப்போடு சேற்றில் இறங்கினால் சேறு செருப்பை வைத்துக்கொண்டுவிடும். வெறுங்காலும் கூடாது; படுகையில் பரவியுள்ள பசிபிக் சிப்பிகளின் ஓட்டு விளிம்பு கத்திபோல் வெட்டும். ரப்பர் பூட்ஸ், இல்லையேல் கயிறு கட்டும் பழைய துணிக்காலணி. ஜூலையிலும் பகல் வெப்பம் 20 பாகையைச் சுற்றித்தான் இருக்கும், திறந்த வெளியில் காற்று ஓயாது. குடை உதவாது, காற்றும் மழையும் புகாத மேலங்கி வேண்டும். மொபைல்பே எனும் கைபேசிக் கட்டண முறை வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கைகொடுக்காது. அட்டையோடு கொஞ்சம் குரோனரும் வைத்திருங்கள். யூரோவை நம்ப வேண்டாம்.

தங்குமிடம் தேடும்போது ‘29ஆம் வாரம்’ என்பதுபோல் கேட்பார்கள். டேனியர்கள் ஆண்டை வார எண்ணால் பேசுகிறவர்கள். ஜூலையில் 28 முதல் 30 வரையான வாரங்கள் நாடே விடுமுறையில் இருக்கும் காலம். அறை கிடைப்பது அரிது. கோடை வீடுகள் அப்போது பெரும்பாலும் சனி முதல் சனி வரை ஒரு வாரத்துக்கே வாடகைக்கு விடப்படும். படுக்கை விரிப்பும் துவாலையும் பொதுவாக வாடகையில் சேராது. மின்சாரத்தை மீட்டர் பார்த்துக் கணக்கிடுவார்கள், கடைசித் துப்புரவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. விலையை ஒப்பிடும்போது இவற்றையும் கூட்டுங்கள். என் பரிந்துரை ஜூன் முதல் பாதி. இரவு பத்து மணிவரை வெளிச்சம், கூட்டமும் குறைவு.

சமைத்துச் சாப்பிட நினைப்பவர்கள் அரிசி, பருப்பு, காய்கறி எல்லாவற்றையும் ரீபேயிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தீவில் சைவ உணவை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணப்பையில் இறைச்சியும் பால்பொருட்களும் கொண்டுவரத் தடை. நெய்யும் பால்பொருளே. கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். மசாலாப் பொடிகளுக்குத் தொல்லையில்லை.

விசா வேண்டியவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் ஏற்க மாட்டார்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். விண்ணப்பத்தில் தேதி எழுதும் முன்பே வற்று நேரம் பார்த்து, அதற்கு இருபுறமும் இரண்டிரண்டு நாள் விட்டுப் பயண நாட்களைக் குறியுங்கள். பிறகு டிராக்டர் இருக்கை, அதன் பிறகு ரீபேயில் அறை, கடைசியாக ரயில். காற்று ஒரு நாளைக் கெடுத்தாலும் மறுநாள் 50 நிமிடம் பிந்தி அதே வற்று வரும். அந்த ஒரு நாளை மட்டும் கையில் மிச்சம் வைத்திருங்கள்.

அடுத்த கோடையில் டென்மார்க் பற்றிய பயணக் குறிப்பு வெளியிடும்போது, தங்கும் விடுதிப் பட்டியலுக்கு மேலே அந்த மாதத்தின் வற்று நேரங்களையும் ஒரு சிறு கட்டமாகத் தாங்கள் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
டென்மார்க்