விதைக்கிற கை

அன்புள்ள முருகையனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த முறை நாற்றங்கால் போடாமல் நேரடி விதைப்பு செய்திருப்பதாக எழுதியிருந்தாய். மழை கைகொடுக்கட்டும். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நேற்று அவரே நாளிதழை எடுத்துப் படித்தார்.

உன் கடிதம் வந்த இரவில் ஒரு ஊமைப்படம் பார்த்தேன். 1909இல் அமெரிக்காவில் டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த 'எ கார்னர் இன் வீட்'. 14 நிமிடம்தான். ஒரு வியாபாரி சந்தையிலிருக்கும் கோதுமை முழுவதையும் வளைத்துப்போடுகிறான், ரொட்டி விலை ஏறுகிறது. கதை இவ்வளவே.

விதைப்பவன், வியாபாரி, ரொட்டிக்கு நிற்கும் ஏழை ஆகிய மூவரும் படத்தில் ஒருமுறைகூட நேருக்கு நேர் சந்திப்பதில்லை. யாரால் தன் வயிறு காய்கிறது என்பது அந்த ஏழைக்குத் தெரியாது. நமக்கு மட்டும் தெரிகிறது, படத்தொகுப்பினால். இரண்டு இடங்களை மாற்றி மாற்றிக் காட்டும் உத்தியை அந்நாளில் பெரும்பாலும் துரத்தலுக்கும் கடைசி நேர மீட்புக்கும்தான் பயன்படுத்தினார்கள். இங்கே காப்பாற்ற யாரும் ஓடிவரவில்லை. வியாபாரியின் வீட்டில் விருந்து நடக்கிறது. அடுத்த காட்சியில் ரொட்டிக் கடை. 5 சென்ட் ரொட்டி இனி 10 சென்ட் என்று அறிவிப்பு தொங்குகிறது. பிறகு வரிசை வருகிறது. அதில் நிற்பவர்கள் அப்படியே உறைந்து நிற்கிறார்கள், முருகையா. படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நடிகர்களையே சிலைபோல நிறுத்தியிருக்கிறார்கள். விருந்தில் அத்தனை கைகளும் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்த கண்ணுக்கு அந்த அசைவின்மையைத் தாங்க முடியவில்லை.

வியாபாரி கடைசியில் தன் தானியக் கிடங்கிலேயே தவறி விழுகிறான். மேலிருந்து கொட்டும் கோதுமை அவனை மூடிவிடுகிறது. ஆனால் அவன் செத்ததால் ரொட்டி விலை இறங்கியதாகப் படம் காட்டவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒன்றை மறைக்க மனமில்லை. இதே கிரிஃபித்தான் 1915இல் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' எடுத்து, கறுப்பின மக்களை இழிவுபடுத்தி, கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை மீட்பர்களாகக் காட்டினார். அதே மாற்றி மாற்றிக் காட்டும் உத்தியை வைத்துத்தான் அந்தக் கும்பலுக்காக நெஞ்சு படபடக்கச் செய்தார். பசியை இவ்வளவு கூர்ந்து பார்த்தவருக்கு அந்தக் கறுப்பின மக்களின் வலி ஏன் தெரியவில்லை என்ற கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பொங்கலுக்கு வரும்போது உனக்குப் போட்டுக் காட்டுகிறேன். தொடக்கத்தில் இருவர் விதையை வீசியபடி நம்மை நோக்கி நடந்து வருகிறார்கள், பின்னால் குதிரைகள். முடிவில் ஒருவன்தான் மிச்சம். தனியாக விதைத்துக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிடுகிறது. அவர்கள் விதைத்துப் பழகியவர்கள்தானா, வெறும் நடிப்பா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கை வீச்சைப் பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
செல்வம்