குறையைச் சொன்னால் போதாது, காரணத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வாசகர்கள் வெளிப்புறத்தில் எடுக்கும் ஃபேஷன் படங்களை வெளியிட்டு, கீழே விமர்சனமும் தருகிறீர்கள். வரவேற்கிறேன். ஆனால் ‘ஒளியில் கவனம் தேவை’, ‘பின்னணி சரியில்லை’ என்று இரண்டு வரியில் முடித்தால், எடுத்தவர் அடுத்த முறை எதை மாற்றுவார்?

நண்பகல் வெயிலில் எடுத்த பட்டுப்புடவைப் படம் ஒன்றை வைத்துக்கொள்வோம். கண்குழி கறுத்திருக்கிறது, ஜரிகை வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டது. வெயில் தலைக்கு மேலிருந்து விழுந்ததுதான் காரணம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளைச் சூரியன் ஏறக்குறைய நேர்மேலே நிற்கும். அங்கே ‘ஒளி சரியில்லை’ என்பதைவிட, ‘மாடலைத் தாழ்வார நிழலின் விளிம்புக்குக் கொண்டுவந்து, முகத்தைத் திறந்த வானத்தின் பக்கம் திருப்புங்கள்’ என்று எழுதலாம். வெயிலில்தான் எடுக்க வேண்டுமென்றால், சூரியனை முதுகுப்பக்கம் விட்டு, வெள்ளைத் தெர்மாக்கோல் அட்டையை முக உயரத்தில் பிடிக்கச் சொல்லலாம். தரையில் வைத்தால் ஒளி தாடைக்குக் கீழிருந்து ஏறி முகத்தைக் கெடுக்கும். ஜரிகைக்காக எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, முக்கால் ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து, கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா ஃபைலில் இருண்ட பகுதிகளைப் பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். முற்றிலும் வெளுத்துப்போன ஜரிகையை எந்த எடிட்டிங்காலும் மீட்க முடியாது.

அடுத்தது ஃபோகஸ். இதில்தான் நம் விமர்சகர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். முழு ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-ல் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது) திறந்து மாடலிலிருந்து 2 மீட்டரில் நின்றால், கூர்மையாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. மட்டுமே. கண் துல்லியமாக இருக்கும், தோள் மடிப்பும் பிளவுஸ் வேலைப்பாடும் மங்கிவிடும். முகப்படமாகப் பார்த்தால் அழகுதான். ஆனால் ஃபேஷன் படத்தில் துணிதான் முதல் பொருள். எஃப்/4-க்குப் போனால் ஆழம் இருமடங்குக்கு மேலாகும். பின்னணி மங்கல் குறைகிறதே என்றால், மாடலைச் சுவரிலிருந்து நாலைந்து மீட்டர் முன்னே நகர்த்தினால் போதும். ‘பின்னணி அருமையாகக் கரைந்திருக்கிறது’ என்று பாராட்டும் முன் முந்தானையைப் பாருங்கள்.

முழு உருவப் படத்தில் கால் குட்டையாகத் தெரிந்தால், கேமரா கண் உயரத்தில் இருந்திருக்கும். இடுப்பு உயரத்துக்கு இறக்கச் சொல்லுங்கள். கணுக்காலில் வெட்டிய படத்தில் புடவையின் கீழ்க்கரையும் சேர்ந்து போய்விடும். நெருக்கமான கட்டம் போட்ட பருத்திப் புடவையில் வானவில் கோடுகள் நெளிந்தால், அது துணியின் குறையல்ல, மொய்ரே, அதாவது துணியின் கட்டமும் கேமரா சென்சாரின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதி வரும் கோடுகள். ஓரடி முன்னே பின்னே நகர்ந்து எடுத்தால் பெரும்பாலும் மறையும்.

மாடலின் நிறம், உடல்வாகு பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அது படம் எடுத்தவரின் வேலை அல்ல. ஆனால் படம் எடுத்தவர் மாடலின் முகத்தை எடிட்டிங்கில் வெளுக்க வைத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்றாகிவிடும். படம் முழுவதையும் வெளுக்க வைத்தாலோ புடவை நிறமும் மாறும். கடைக்கான படமென்றால் வாங்கியவர் புடவையைத் திருப்பி அனுப்புவார்.

விமர்சனம் கேட்பவருக்கும் பொறுப்பு உண்டு. படம் கடைப் பட்டியலுக்கா, இதழ் அட்டைக்கா, தன் விருப்பத்துக்கா என்று முதலில் சொல்ல வேண்டும். எடிட் செய்யாத மூலத்தையும், அதே இடத்தில் எடுத்த வேறு இரண்டு படங்களையும் சேர்த்து அனுப்பினால், குறை எடுக்கும்போது வந்ததா, எடிட்டிங்கில் வந்ததா என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கி, துணியின் நூலிழை அழிந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பட்டும். விமர்சகர் பேசி முடிக்கும்வரை ‘அன்றைக்கு நேரம் இல்லை’ என்று விளக்கம் சொல்லாமல் கேட்பது நல்லது, பார்ப்பவருக்கு அந்த விளக்கம் படத்தில் தெரியாது. மூன்று பேரில் இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால், அவர்கள் சொல்லும் தீர்வு தவறாக இருந்தாலும் அங்கே ஏதோ இடறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள். அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் லென்ஸ், எஃப் எண், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன் எண்), எடுத்த நேரம், படத்தின் நோக்கம் ஆகியவற்றைச் சிறிய எழுத்திலாவது அச்சிடுங்கள். இடம் போதாதென்றால் மாதம் ஆறு படத்துக்குப் பதில் மூன்று போடலாம்.

— ஒரு வாசகர், ஈரோடு