பால் பத்துதா என்று கேட்ட மகனுக்கு

கண்ணா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் முழுசாகப் பதில் சொல்வதற்குள் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது, நீயும் வைத்துவிட்டாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஒரே மூச்சில் படிக்க உனக்கு இப்போது நேரம் இருக்காது. குழந்தை உன் தோளில் கிடக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படி. பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் என்பதால் கூச்சப்படாமல் எழுதுகிறேன், நீயும் கூச்சப்படாமல் படி.

"பால் பத்துதான்னு எப்படிம்மா தெரியும்?" இதுதானே உன் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மருமகள் காதுபடக் கேட்காதே. அதுவரை நன்றாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள், பார்க்க வந்தவர் யாரோ "பால் பத்தலை போலிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போன பிறகு முகம் வாடி உட்கார்ந்திருப்பதை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். மனசு மட்டும் வாடுவதில்லை. பாலை உண்டாக்குவது புரோலாக்டின் என்ற ஹார்மோன். உண்டான பாலை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின். பதற்றம், வலி, கூச்சம் எல்லாம் இந்த இரண்டாவதைச் சற்று நேரம் பிடித்து வைக்கும். பால் உள்ளே இருக்கும், இறங்கத் தாமதமாகும். குழந்தை எரிச்சலாகி அழும். உடனே "பார்த்தியா, பால் இல்லை" என்பார்கள். அப்படிச் சொல்பவர்களை வாசலோடு அனுப்புவது உன் பொறுப்பு. எனக்கும் அது பொருந்தும்.

சரி, பதிலுக்கு வருகிறேன். உள்ளே எவ்வளவு போகிறது என்று பார்க்க முடியாது, வெளியே வருவதைப் பார்க்கலாம். பிறந்த முதல் நாள் ஒரு தடவை சிறுநீர் போனாலே போதும், இரண்டாம் நாள் இரண்டு, இப்படி ஏறி, ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது 6 டயப்பராவது நன்றாக நனைந்திருக்க வேண்டும். இப்போதைய டயப்பர்கள் ஈரத்தைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஒரு புது டயப்பரில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பார், "நனைந்தது" என்றால் என்ன கனம் என்று பிடிபடும். மலம் முதலில் கறுப்பாகப் பிசுபிசுவென்று வரும், பிறகு பச்சை கலக்கும், ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாகி இளகிவிடும். இந்த முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை போவது நல்ல அடையாளம். முதல் இரண்டு நாளில் டயப்பரில் செங்கல் நிறத்தில் தூள் மாதிரி ஏதாவது தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதற்கப்புறமும் தெரிந்தால் பால் போதவில்லை என்று அர்த்தம் இருக்கலாம், டாக்டரிடம் காட்டு. இந்தக் கணக்கை எழுதி வைப்பது உன் வேலை, அவளுடையது அல்ல.

எடை குறைந்துவிட்டது என்று பதறினாயே, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை இழப்பது இயல்பு. 3 கிலோவில் பிறந்தது 2.8 கிலோவுக்கு வந்தால் அது சுமார் 7 சதவீதம். பால் எப்படிக் குடிக்கிறது என்று கவனிப்பார்கள், அவ்வளவுதான். 10 சதவீதத்தைத் தொட்டால் டாக்டர் தீவிரமாகப் பார்ப்பார். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அங்கிருந்து ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும். ஒரே தராசில், துணியில்லாமல் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. வீட்டுக்கு ஒரு தராசு வாங்கிப் பால் கொடுக்கும் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடு. வீட்டில் நிம்மதி போய்விடும்.

முதல் இரண்டு மூன்று நாள் பால் கொஞ்சமாகத்தான் வந்தது என்று அவள் இன்னும் வருத்தப்படுகிறாளாமே. வந்தது சீம்பால், ஒரு தடவைக்குச் சில மில்லிதான் சுரக்கும். அந்த வயதுக் குழந்தைக்கு வயிறும் அவ்வளவுதான். நோய் எதிர்ப்புப் பொருட்கள் செறிவாக இருக்கும், கறுப்பு மலத்தை வெளியேற்றவும் உதவும். பால் நிறைந்து இறங்குவது இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். முதல் பிரசவத்திலும் சிசேரியனிலும் சற்றுத் தாமதமாகலாம். அவளுக்கு இரண்டும் சேர்ந்தே வந்திருக்கிறது.

இனி வாய் பிடிக்கும் விஷயம். என்னைக் கேட்டால் முதல் மாதத்துத் தொல்லைகளில் பெரும்பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. குழந்தை காம்பை மட்டும் பிடித்துச் சப்பினால் பால் சரியாக வராது, அவளுக்கு உயிர் போகிற வலி இருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருமையான பகுதியும் நிறைய வாய்க்குள் போக வேண்டும், மேல்பக்கத்தைவிடக் கீழ்ப்பக்கம் அதிகமாக. குழந்தையின் உடம்பு முழுக்க அவள் பக்கம் திரும்பி, வயிற்றோடு வயிறு ஒட்டி, காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். தலையை மட்டும் திருப்பிக்கொண்டு நீயே தண்ணீர் குடித்துப் பார், விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். காம்பு குழந்தையின் மூக்குக்கு நேரே இருந்தால், அது தலையை லேசாகப் பின்னால் சாய்த்து வாயைப் பெரிதாகத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்புக்கு அணைக்க வேண்டும். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் குனிந்தால் முதுகுதான் போகும். தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்து, மூக்கு அடைபடாமல் இருந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது.

ஆரம்பத்தில் சில நொடி சுருக்கென்று இருக்கலாம். வலி தொடர்ந்தாலோ, வாயை எடுக்கும்போது காம்பு நசுங்கிச் சரிவாகத் தெரிந்தாலோ பிடிப்பு சரியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டியதில்லை. வாயோரம் சுண்டுவிரலை நுழைத்து உறிஞ்சலை விடுவித்துவிட்டு மறுபடி முயற்சி செய்யட்டும். அவளுக்குத் தன் மார்பின் கீழ்ப்பக்கம் தெரியாது, எதிரே உட்கார்ந்திருக்கும் உனக்குத் தெரியும். "உதடு உள்ளே மடிஞ்சிருக்கு" என்று மெதுவாகச் சொல். நாலு நாளாகியும் சரியாகவில்லை என்றால் பால் கொடுப்பதற்கு உதவும் ஆலோசகர் ஒருவரைப் பார்க்கச் சொல். குழந்தையின் நாக்கு அடியில் சவ்வு இழுத்துப் பிடித்திருந்தாலும் இப்படி ஆகும், அதையும் பார்ப்பார்கள்.

பிடிப்பு சரியாக இருந்தால் காதுக்கே தெரியும். முதலில் வேகவேகமாகச் சப்பும். பால் இறங்கியதும் சப்புவது ஆழமாகி நிதானப்படும், தாடை நன்றாக இறங்கும், நடுவில் மெல்ல விழுங்கும் சத்தம் கேட்கும்.

எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று அட்டவணை போட்டு சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னாய். கிழித்துவிடு. ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும், ஆனால் சமமான இடைவெளியில் குடிக்காது. கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையைத் திருப்பித் தேடுவது, உதட்டைச் சப்புவது, இதெல்லாம்தான் பசியின் முதல் அடையாளம். அழுகை கடைசியில் வருவது. அழுது கத்தும் குழந்தைக்கு நாக்கு மேலே எழும்பி நிற்கும், பிடிக்க வராது. முதலில் சமாதானப்படுத்து, பிறகு கொடுக்கட்டும். கடிகாரம் தேவைப்படுவது ஒரு விஷயத்துக்குத்தான்: பிறந்த எடையை எட்டும்வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாதே. துணியைக் கழற்று, டயப்பரை மாற்று, பாதத்தைத் தேய்த்துவிடு, எழுந்துகொள்ளும்.

சாயங்கால விஷயத்துக்கு வருகிறேன். பகலெல்லாம் சமத்தாக இருந்துவிட்டு, ஆறு மணியானால் விட்டால் அழுகிறது, பிடித்தால் பத்து நிமிஷம், மறுபடி அழுகை என்று மூன்று நான்கு மணி நேரம் ஓடுகிறது என்றாய். நிறையக் குழந்தைகள் இப்படித்தான் அடுத்தடுத்து குடிக்கும். இரண்டு மூன்று வாரத்திலும் ஆறு வாரத்திலும் இது இன்னும் கூடும். டயப்பரும் எடையும் சரியாக இருந்தால் இது பால் குறைவால் வருவதல்ல. இந்த நேரத்தில்தான் பால் பவுடர் டப்பா வீட்டுக்குள் வருகிறது. ஒரு புட்டி குடித்துவிட்டுக் குழந்தை அயர்ந்து தூங்கும், எல்லோரும் "அப்பாடா" என்பார்கள். ஆனால் மார்பிலிருந்து பால் எவ்வளவு வெளியேறுகிறதோ அதைப் பொறுத்துத்தான் அடுத்து சுரக்கும். அந்த ஒரு வேளை குடிக்காமல் போனது உடம்புக்கு "இவ்வளவு போதும்" என்ற தகவல். நாளைக்கு இன்னும் கொஞ்சம் குறையும், இன்னொரு புட்டி தேவைப்படும். சில வாரங்களில் மார்பு கனமில்லாமல் மெத்தென்று ஆகும், அதையும் பால் வற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பம்ப் செய்து கொஞ்சமாக வந்தாலும் அப்படித்தான். குழந்தை உறிஞ்சுகிற அளவுக்கு எல்லாருக்கும் பம்பில் வருவதில்லை.

இதைப் படித்துவிட்டு அம்மா பவுடர் பாலுக்கு எதிரி என்று நினைக்காதே. எடை ஏறவில்லை, டயப்பர் நனையவில்லை, டாக்டர் கொடுக்கச் சொல்கிறார் என்றால் தயங்காமல் கொடுங்கள். பசியோடு கிடக்கும் குழந்தைக்கு முறையாகப் பால் குடிக்கவும் தெம்பு இருக்காது. கொடுக்கும் வேளையெல்லாம் அவள் பம்ப் செய்தால் சுரப்பு விடாமல் இருக்கும். எப்படிக் கலக்குவது என்பதில் மட்டும் கண்டிப்பாக இரு. பவுடர் கிருமியில்லாத பொருள் அல்ல. கொதிக்க வைத்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் பவுடரைப் போட்டுக் கலக்கி, பிறகு ஆற வை. தண்ணீரைக் கூட்டாதே, பவுடரைக் குறைக்காதே. கலக்கி இரண்டு மணி நேரம் ஆனதைக் கொட்டிவிடு. அவள் பம்ப் செய்த பால் 25 டிகிரி வரை உள்ள அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் தாங்கும். மைக்ரோவேவில் சூடு செய்யாதே, ஓரிடம் கொதித்து ஓரிடம் ஆறியிருக்கும். தண்ணீர், தேன் என்று வேறெதுவும் வேண்டாம். ஆறு மாதம் பால் மட்டும்தான். தேன் ஒரு வயதுவரை ஆபத்து. டாக்டர் எழுதித் தந்த வைட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் தினமும் 400 யூனிட், மறக்காதே.

இரவில் உனக்கு வேலை இருக்கிறது. புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாகச் சுரக்கும் என்பதால் இரவுப் பாலைத் தவிர்க்க முடியாது, ஆனால் பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீ செய்யலாம். குழந்தையைத் தூக்கி வந்து கொடு, குடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விட வை, டயப்பர் மாற்று, படுக்க வை. கொஞ்சம் கக்கினால் துடைத்துவிட்டுப் போ. பகலில் சட்டையைக் கழற்றிவிட்டு உன் வெற்று மார்பில் போட்டுக்கொள். 1978இல் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் எட்கர் ரே என்ற டாக்டர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு கட்டிவைக்கத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்று உலகம் முழுக்கப் போனது அதுதான். எங்கள் வார்டில் அப்பாக்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தோம். ஒரு எச்சரிக்கை: களைப்போடு சோபாவில் குழந்தையை வைத்துக்கொண்டு தூங்கிவிடாதே. சோபா மிக மோசமான இடம். கண் சொருகினால் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வை.

அவளையும் பார்த்துக்கொள். மார்பில் ஓரிடம் சிவந்து கெட்டியாகிக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும், ஆனால் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுவாள், அது சாதாரணம். அதற்கு மேலும் நீடித்தால், எதிலும் ஒட்டாமல் இருந்தால், தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராவிட்டால், "சரியாயிடும்" என்று தள்ளாதே. அதற்கு வைத்தியம் இருக்கிறது.

குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடப்பது, பச்சையாக வாந்தி, உச்சிக்குழி பள்ளமாவது, உடம்பில் மஞ்சள் நிறம் கால்வரை இறங்குவது: இதில் எது வந்தாலும் எனக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

மற்றபடி வியாழக்கிழமை எடை பார்க்கும்போது டயப்பர் கணக்கையும் எடுத்துக்கொண்டு போ. என்ன எடை என்று பார்த்த உடனே அனுப்பு. பிறந்த எடைக்கு வந்திருந்தால் இரவில் எழுப்ப வேண்டுமா என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்.

அம்மா