டேமிடம் ஏன் சொல்லவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபேண்டசி தொடர்களின் முடிவுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' தொடருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பத்தி. 14 தொகுதிகள், 1990 முதல் 2013 வரை வெளிவந்த கதை. அதன் முடிவை இரவல் பேனாவில் எழுதியது என்று ஒரு வரியில் தள்ளிவிட்டார் கட்டுரையாளர். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். முடிவை அப்படியே போட்டு உடைக்கப்போகிறேன். இனிமேல்தான் படிக்கவேண்டும் என்று வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அடுத்த கடிதத்துக்குப் போய்விடுங்கள்.

அமேசான் பிரைமில் 2021இல் தொடங்கிய இதன் தொலைக்காட்சி வடிவத்தை மூன்று சீசனோடு 2025இல் நிறுத்திவிட்டார்கள். பாதியில் விட்ட கதையைத் தாங்கமுடியாமல் புத்தகங்களுக்குப் போனவர்களில் நானும் ஒருத்தி. கடைசித் தொகுதியான 'எ மெமரி ஆஃப் லைட்' நூலை மூடிவைத்து வாரக்கணக்காகிறது. வீட்டில் யாரிடமும் பேசவும் முடியவில்லை. "கதைதானே, அதுக்கு ஏன் இப்படி?" என்கிறார்கள்.

இரவல் பேனா என்றால் யாருடைய பேனா, யார் கொடுத்தது என்று சொல்லவேண்டாமா? இதய நோயில் ஜோர்டன் இறந்தது 2007 செப்டம்பரில். கதை முடியவில்லை. கடைசி நாட்களில் வீட்டாரை அருகில் வைத்துக்கொண்டு கதை எப்படி முடியவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அவருடைய மனைவி ஹேரியட் மெக்டூகல்தான் தொடரின் எடிட்டரும். பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர் ஜோர்டனுக்கு எழுதிய அஞ்சலி ஹேரியட்டின் கண்ணில் பட்டது. மீதிக் கதையை அவரிடம் ஒப்படைத்தார். பள்ளி வயதிலிருந்தே இந்தக் கதையைப் படித்து வளர்ந்தவர் சாண்டர்சன். ஒரே நூலில் முடிப்பேன் என்று ஜோர்டன் சொல்லிக்கொண்டிருந்தது அவர் கையில் மூன்று நூலாயிற்று. நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. கல்கி விட்டுப்போன 'அமர தாரா'வை அவருடைய குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி முடித்துக்கொடுக்கவில்லையா? அதை யாரும் இரவல் பேனா என்று சொல்லி நான் கேட்டதில்லை.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். சாண்டர்சன் கைக்கு வந்த முதல் நூலில், கதாநாயகன் ரேண்டின் ஊர்த் தோழன் மேட் பேசுகிற கிண்டல் மேட்டுடையதே அல்ல, யாரோ வேஷம் போட்டு வந்த மாதிரி இருக்கிறது. தொடரின் முதல் நூலிலிருந்து ரேண்டைப் பின்தொடர்ந்து வந்த வில்லன் பேடன் ஃபெய்னின் கதையைக் கடைசியில் அவசர அவசரமாக முடித்திருக்கிறார்கள். இதையெல்லாம் கட்டுரையாளர் எழுதியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன்.

ஆனால் அந்தக் கடைசிப் போர்! அதற்கென்று ஒரே அத்தியாயம், அதுவே ஒரு தனிப் புத்தகம் அளவுக்கு நீளம். மூச்சுவிட இடம் கிடையாது. அழிந்துபோன தன் நாட்டின் கடைசி அரசனான லான், எதிரியின் வாள் தன் உடம்பில் இறங்கட்டும் என்று விட்டுவிட்டு எதிரிப் படைத்தலைவன் டிமாண்ட்ரெட்டின் கழுத்துக்குக் குறிவைக்கிறான். எக்வேன் சாகிறாள். கிராமத்துச் சத்திரக்காரரின் மகளாகக் கிளம்பி, இரண்டு மூன்று வருஷத்துக்குள் மந்திரக்காரிகளின் தலைமையிடமான வெண்கோபுரத்தின் தலைவியானவள். கணவன் போன சில மணி நேரத்தில், தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சக்தியை இழுத்து, எதிரிகளை அப்படியே பளிங்காக உறையவைத்துவிட்டுத் தானும் எரிந்துபோகிறாள். அந்தப் பக்கங்களை ரயிலில் படித்தேன். எதிர் சீட்டு அம்மா, "ஏதும் கெட்ட செய்தியாம்மா?" என்று கேட்டு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்ல?

அந்தச் சாவை ரேண்ட் உணர்கிறான். இருளின் தலைவனுக்கு எதிரே நின்றுகொண்டிருக்கும்போது, செத்தவர்கள் எல்லோரும் தன் கணக்கு என்று நினைத்துத் துவள்கிறான். அவர்கள் தாங்களாகவே தேர்ந்துகொண்ட சாவு அது, அந்தப் பெருமையை நீ பிடுங்கிக்கொள்ளாதே என்று அவனுக்கு உறைக்கிற இடம்தான் தொடரின் உச்சம். அதை எழுதியது எந்தப் பேனாவாக இருந்தால் என்ன?

பேலா என்று ஒரு குதிரை. சடை சடையாக மயிர் வளர்ந்த, வண்டி இழுக்கிற சாதாரணப் பெட்டை. முதல் நூலின் முதல் காட்சியில், குளிர்காற்றில் ரேண்டும் அவனுடைய தந்தை டேமும் ஊருக்குள் நடந்து வருகிறார்கள் அல்லவா, அந்த வண்டியை இழுப்பது இதுதான். ராஜாக்களும் மந்திரக்காரிகளும் மடிந்தபோதெல்லாம் பேலா பிழைத்துவிடும் என்று உலகம் முழுக்க வாசகர்கள் பந்தயம் கட்டாத குறை. கடைசிப் போரில், முதுகில் ஆல்வர் என்ற சிறுவனையும் அவன் கையில் இருக்கும் மந்திர ஊதுகொம்பையும் சுமந்துகொண்டு ஓடி ஓடி, அம்பு பட்டு விழுகிறது. இதைச் செய்திருக்கவேண்டியதில்லை. குதிரையையாவது விட்டிருக்கலாம்.

இத்தனையையும் மன்னிப்பேன். மன்னிக்கமுடியாதது ஒன்றே ஒன்று.

டேம், ரேண்டைப் பெற்ற தகப்பன் இல்லை. மலைச்சரிவில் போர்க்களத்தில் கண்டெடுத்த சிசு அவன். ட்ராலோக் என்ற மிருக அரக்கன் தாக்கியதில் காயம்பட்டு டேம் ஜுரத்தில் பிதற்றும்போதுதான் ரேண்டுக்கே அது தெரியவரும். பிதற்றலைக் கேட்டபடி, கழி கட்டிய படுக்கையில் அவரைக் கிடத்தி, இரவு முழுக்கக் காட்டுவழியில் இழுத்துக்கொண்டு போவான். அதைப் படித்த அன்றே டேம் எனக்கும் அப்பா மாதிரி ஆகிவிட்டார். பின்னால் ஒரு கட்டத்தில் கோபம் தலைக்கேறி அதே அப்பாவைக் கொல்லப் போய்விட்டுக் கடைசி நொடியில் ஓடிவிடுகிறான். கடைசி நூலில் சமாதானமாகி, ஒரு கை போன மகனுக்கு மரக்கத்தியோடு மறுபடி பாடம் எடுக்கிறார் டேம். இழந்த கையைப் பற்றியே நினைக்காதே, விட்டுவிடு என்பதுதான் பாடம். ரேண்ட் கடைசியில் உலகத்தையே ஜெயிப்பது அப்பா சொல்லிக்கொடுத்த அந்த ஒரு வித்தையை வைத்துத்தான்.

போர் முடிகிறது. எதிரியான மோரிடினோடு உடம்பு மாறி, அவனுடைய உடம்பில் ரேண்ட் உயிரோடு எழுகிறான். ரேண்டின் பழைய உடம்பு சிதையில் கிடக்கிறது. அவனுடைய காதலிகள் எலேன், மின், அவியெந்தா மூவருக்கும் உள்ளுக்குள் உண்மை தெரியும். டேமுக்குத் தெரியாது. தீ வைப்பது டேம்! தகப்பனுக்குப் பிள்ளை கொள்ளி வைப்பது உலக வழக்கம். பிள்ளைக்குத் தகப்பன் வைக்க நேர்ந்த வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அந்த வாசலில் நின்று என்ன பேசுவது என்று தெரியாமல் திரும்பியும் வந்திருக்கிறோம். அந்தப் புத்திர சோகத்தை உயிரோடு இருக்கிற மகன் தன் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுக் குதிரை ஏறிப் போகிறான். அந்த மூன்று பெண்களில் யார் தன்னைத் தேடி வருவார்கள் என்று யோசித்துக்கொண்டு போகிறான். டேமின் காதில் ஒரு வார்த்தை போட்டதாகப் புத்தகத்தில் எங்கும் இல்லை. அடப்பாவி!

இதற்கும் சாண்டர்சனைத்தான் திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, கடைசிக் காட்சி பெரும்பாலும் ஜோர்டன் முன்பே எழுதிவைத்தது என்று. அதை சாண்டர்சனே சொல்லியிருக்கிறார். ஆக, நம் கட்டுரையாளர் குறை சொன்ன முடிவின் முடிவு இரவல் பேனாவில் எழுதியதே இல்லை. வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி பிடித்துவிட்டுத் திரும்பியவர் எழுதியது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சிதை எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. போருக்கு அனுப்பிய பையன் திரும்பி வந்தாலும் முகம் வேறாக, ஆள் வேறாக வருகிறான். அப்பா அறிந்த பையன் எங்கோ எரிந்துவிட்டான். ஜோர்டன் இப்படி நினைத்துத்தான் எழுதினாரா என்று என்னால் சொல்லமுடியாது, இது என் ஊகம். இந்த விளக்கத்தை எனக்கு நானே எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் டேமுக்காக வருகிற அழுகை நிற்கமாட்டேன் என்கிறது. காலம் சக்கரமாகச் சுழல்கிறது, யுகங்கள் போய்த் திரும்ப வருகின்றன என்ற எண்ணத்தை ஜோர்டன் நம் புராணங்களின் பக்கமிருந்தும் எடுத்துக்கொண்டவர்தான். அடுத்த சுற்றில் இவர்கள் சந்திப்பார்கள் என்று ஆறுதல் சொல்கிறார்கள் சில நண்பர்கள். அடுத்த யுகம் எனக்கெதற்கு? அடுத்த பக்கத்தில் சந்தித்திருக்கவேண்டும்.

கட்டுரையில் ஹேரியட்டின் பெயரே இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கணவர் எழுதியதைத் திருத்தியவர், அவர் இறந்த துக்கத்துக்கு நடுவே மிச்சத்தை யார் எழுதுவது என்று முடிவெடுத்தவர், பிறகு வந்த மூன்று நூல்களையும் எடிட்டராக உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தவர். அச்சு நூல் 2013 ஜனவரியில் வர, மின்னூலைச் சில மாதம் தள்ளிவைக்கச் சொன்னவரும் அவர்தான். அதற்காக வாசகர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். எழுத்தாளர்களைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறீர்கள். ஹேரியட்டைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை போடுங்கள். அதே கட்டுரையாளரே எழுதட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. எழுதும் முன் கடைசித் தொகுதியை ஒருமுறை முழுசாகப் படித்துவிடச் சொல்லுங்கள். என் பிரதியை வேண்டுமானாலும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
நாகர்கோவில்.