குரல் நடுங்கினால் பொய்யா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குரலைக் கேட்டே பொய்யைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் டர்பன் நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது, இனி வேலையிடத்துத் திருட்டு மறையாது என்று சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட செய்தியைப் படித்து, மனம் பொறுக்காமல் இதை எழுதுகிறேன். விற்பவர் சொன்னது அப்படியே அச்சாகியிருந்தது. அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

என் தம்பி மகன் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். சரக்கு குறைந்தது என்று எல்லோரையும் ஒவ்வொருவராக ஓர் அறைக்கு அழைத்து, காதிலும் வாயருகிலும் கருவியை மாட்டி, முன்பின் தெரியாத ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார். "நீ எடுத்தாயா?" என்ற கேள்விக்கு, "இல்லை, ஐயா" என்று சொல்வதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டதாம். திரையில் சிவப்புப் பட்டை எழுந்தது. மறுநாளிலிருந்து யாரும் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இரண்டு வாரத்தில் அவனாகவே வேலையை விட்டுவிட்டான். அவன் எடுக்கவில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் எடுத்தான் என்று அந்தச் சிவப்புப் பட்டையும் நிரூபிக்கவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நாம் சொல்லி வளர்ந்ததால், இப்படிப்பட்ட கருவியை நம்புவது நமக்கு எளிதாக இருக்கிறது. குற்றமில்லாத நெஞ்சும், சோற்றுக்கு வழியான வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அதே அளவு குறுகுறுக்கும். அதிகாரியின் முன் குரலைத் தாழ்த்திப் பேசுவதையே மரியாதை என்று கற்றுக்கொண்ட பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம்.

1970களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் கருவிகள், தசைகளில் வினாடிக்கு 8 முதல் 12 முறை நிகழும் நுண்ணிய நடுக்கத்தைக் குரலில் அளப்பதாகச் சொல்லின. கை கால் தசைகளில் அந்த நடுக்கம் உண்மைதான். குரல்வளைத் தசைகளில் தேடிய ஆய்வாளர்களுக்கோ அது கிடைக்கவில்லை. பின்னர் வந்த மென்பொருள் ஒன்றின் காப்புரிமை ஆவணத்தை சுவீடனின் ஒலியியல் அறிஞர்கள் ஆண்டர்ஸ் எரிக்சனும் ஃபிரான்சிஸ்கோ லசெர்தாவும் பிரித்து ஆராய்ந்து, அதில் அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை என்று 2007இல் எழுதினார்கள். நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் மிரட்டியதும் பதிப்பகம் அக்கட்டுரையை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. மறுசோதனை செய்து காட்டி மறுத்திருக்க வேண்டிய ஒன்றை வக்கீல் கடிதத்தால் மறுத்தார்கள் என்பதே எனக்குப் போதிய சாட்சியாகத் தெரிகிறது.

அதே ஆண்டு அமெரிக்காவின் ஓக்லஹோமா மாவட்டச் சிறையில், கைதான 319 பேரிடம் அண்மையில் போதைப்பொருள் பயன்படுத்தினார்களா என்று கேட்டு, சிறுநீர்ப் பரிசோதனையோடு ஒப்பிட்ட ஆய்வின் முடிவு வந்தது. சோதிக்கப்பட்டவை பெரிதும் புழக்கத்தில் இருந்த இரண்டு குரல் மென்பொருள்கள். பொய் சொன்னவர்களில் 15 விழுக்காட்டினரைத்தான் அவை பிடித்தன. உண்மை சொன்னவர்களில் 8.5 விழுக்காட்டினரைப் பொய்யர் என்றன. இதை நம் ஊர்க் கிடங்குக்குப் பொருத்திப் பாருங்கள்: 200 பேர் வேலை செய்யும் இடத்தில் நான்கு திருடர்கள் இருந்தால், அந்த விகிதப்படி ஒரு திருடன்கூடச் சிக்குவது உறுதியில்லை, திருடாத 196 பேரில் 16 அல்லது 17 பேர் மீது பழி விழும்.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கருவி எதிரில் இருந்தபோது பொய் சொன்னவர்கள் 14 விழுக்காடு. கருவி இல்லாத முந்தைய ஆய்வொன்றில் 40 விழுக்காடு. கண்டுபிடிக்கத் தெரியாத கருவிக்கும் மிரட்டத் தெரிந்திருக்கிறது. அதை விற்பவர்கள் வெற்றி என்று காட்டுவதும் பெரும்பாலும் இந்தப் பயத்தின் விளைவைத்தான். அதனால்தான் தங்கள் செய்தி எனக்கு வருத்தமளித்தது: கருவிக்கு இருக்கும் ஒரே பலம் மக்களின் நம்பிக்கை, அந்த நம்பிக்கையை நாம் மதிக்கும் பத்திரிகையே ஊட்டிவிட்டது. பிரிட்டனில் உதவித்தொகை கோருவோரின் தொலைபேசிக் குரலை இப்படிச் சோதிக்க அரசு சுமார் 24 இலட்சம் பவுண்டு செலவழித்து, போட்ட பணத்துக்குப் பலனில்லை என்று 2010இல் கைவிட்டதையும் தாங்கள் சேர்த்திருக்கலாம்.

நம் தென்னாப்பிரிக்காவில், மூச்சு, நாடித்துடிப்பு, வியர்வை ஆகியவற்றை அளந்து பொய்யைத் தேடும் பாலிகிராஃப் சோதனைக்கு உட்படும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதும், அதன் முடிவை மட்டும் கொண்டு ஒருவரைக் குற்றவாளி என்று கொள்ள முடியாது என்பதும் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ. ஆணையம் சொல்லிவரும் நிலை. பாலிகிராஃபைவிடவும் ஆதாரம் குறைந்த குரல் சோதனைக்கு அதைவிட அதிக மதிப்புக் கிடைக்க நியாயமில்லை. வேலை நீக்கம் செய்யப்பட்டவர் 30 நாட்களுக்குள் அங்கே முறையிட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. என் தம்பி மகனைப் போலத் தாமாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த வழியும் மிகக் கடினமாகிவிடுகிறது.

ஆகவே, சென்ற வாரச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், மேற்சொன்ன ஆய்வு முடிவுகளையும் இந்த 30 நாள் கெடுவையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்