கணக்கை வாசிக்கவும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) சேர்க்கை பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். புது மெஷின்கள், உதவித்தொகை எல்லாம் சரி. கணக்கைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

கடலூர் முதுநகரில் லேத், அதாவது கம்பியைச் சுழற்றிக் கடையும் மெஷின், பட்டறை வைத்திருக்கிறேன். ஐ.டி.ஐ.யில் டர்னர், ஃபிட்டர் படிப்பு முடித்து வேலை கேட்டு வரும் பையன்களிடம் ஒரு கேள்வியை எழுதிக் கொடுப்பேன். '30 மி.மீ. விட்டமுள்ள கம்பியை 26 மி.மீ. விட்டத்துக்குக் கடைய வேண்டும். வெட்டும் டூல் மொத்தம் எவ்வளவு உள்ளே போக வேண்டும்?' பெரும்பாலும் '4' என்று பட்டென்று பதில் வரும். கழித்தல் சரிதான். ஆனால் கம்பி சுற்றும்போது டூல் சுற்றிலும் சீவுகிறது, 2 மி.மீ. உள்ளே போனாலே விட்டத்தில் 4 குறைந்துவிடும். 4 விட்டால் மிஞ்சுவது 22. அந்தக் கம்பி நேராகக் காயலான் கடைக்குத்தான். அதே பையனிடம் சாக்பீஸைக் கொடுத்து, கம்பியின் முகப்பை வட்டமாக வரையச் சொன்னால், பாதி வரையும்போதே 'ரெண்டுண்ணே' என்கிறான்.

பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். பணிமனைக் கணக்கு வகுப்பில் சூத்திரத்தை போர்டில் எழுதி, எண்களைப் போட்டு, விடையைக் கட்டம் கட்டினால் பாடம் முடிந்தது. டூல் உலோகத்தைச் சீவும் வேகத்துக்கான வெட்டு வேகச் சூத்திரத்தில் கீழே 1000 எதற்கு என்று கேட்டால் விழிக்கிறார்கள். விட்டம் மி.மீ.யில், வேகம் நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று; மி.மீ.யை மீட்டராக்கத்தான் அந்த 1000, அவ்வளவுதான் விஷயம். தியரி தேர்வும் இப்போது கம்ப்யூட்டரில், நாலு விடையில் ஒன்றைத் தொடுவது. அப்புறம் கேள்வியை முழுசாக யார் படிப்பார்கள்?

வாரத்தில் ஒரு பீரியட் கணக்கே போடாமல் கேள்வியை வாசிக்க மட்டும் ஒதுக்கலாம். சத்தமாகப் படித்து, என்ன கேட்டிருக்கிறார்கள் என்று மாணவன் தன் பேச்சில் சொல்லட்டும். படம் போட்டு, அளவுகளை அலகோடு குறிக்கட்டும். சம்பந்தமில்லாத எண் ஒன்றை நடுவில் சொருகிவைத்து, எது வேண்டாதது என்று கேட்கலாம். பையன்களுக்கு இது பிடிக்கும். கணக்கு சார் மட்டுமல்ல, லேத் பக்கத்தில் நிற்கும் இன்ஸ்ட்ரக்டரும் இதைச் செய்ய வேண்டும்.

என் பட்டறையில் இந்தப் பயிற்சிக்கு உதவும் பழைய டிராயிங்குகள் (அளவு குறித்த வரைபடங்கள்) கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. மாவட்டத்தில் எந்த ஐ.டி.ஐ. கேட்டாலும், வாடிக்கையாளர் பெயரை மட்டும் கிழித்துவிட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
கடலூர் முதுநகர்.